ஜெமீல், வெளியே 11.00

ஒரு மலைச் சரணாலயத்தின் கேட்டில் பதினெட்டு வருடங்கள் இடாப்பு எழுதினேன். உள்ளே போகிறவரின் பெயர், போன நேரம், போன வேலை, வெளியே வந்த நேரம் என்று நான்கு நிரல்கள். ஒரு பத்து நாட்கள் மட்டும் அந்த நான்காவது நிரலை நான் நேரத்துக்கு முன்பே நிரப்பினேன். அவற்றில் ஒரு வரி பொய்யாகிப் போனது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக அதை எழுதிவைக்கிறேன்.

மலையின் பெயரை எழுதவில்லை. என்னோடு இருந்தவர்கள் சிலர் இன்னும் அங்கே வேலை செய்கிறார்கள். புத்தளம் மாவட்டத்தின் உள்பக்கம், காட்டுக்கு நடுவே தனியாக எழும்பி நிற்கும் மலை. வானம் தெளிந்த காலையில் களப்பில் தோணி விடுபவர்கள் அதைக் கரைக்குறியாகப் பார்ப்பார்கள். அடையாளத்துக்கு இது போதும்.

1. வீரை மரத்துக் கிளை

நான் வேலைக்குச் சேர்ந்தது ஒரு திங்கட்கிழமை. பாலாவிச் சந்தியில் பஸ் எடுத்து, பெரிய வீதியில் இறங்கி, அலுவலக ட்ரக்டரில் கேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது காலை 7.25. காட்டில் தடம் பார்த்து வழிகாட்டும் ட்ரக்கர் சுமனே என்னை மலையடிவாரம் வரை கூட்டிப்போனார். மலையைச் சுற்றியுள்ள சிங்களக் கிராமத்து ஆள். இளவயதில் பாலாவி உப்பளத்தில் வேலை செய்து தமிழ் பழகியவர்.

கேட்டிலிருந்து நூறு யார் தூரம் உள்ளே ஒரு கிழட்டு வீரை மரம் நின்றது. மலைக்கு ஏறும் வழியும், குளக்கட்டுப் பக்கம் போகும் ஒற்றையடிப் பாதையும் அதனடியில்தான் பிரியும். சுமனே பக்கத்துப் பற்றையில் ஓர் இலைக்கொப்பை முறித்து, அந்த மரத்தின் தாழ்ந்த கிளையில் கொழுவினார். காட்டுக்குள் போகிறவர்கள் காட்டுத் தெய்வத்திடம் உத்தரவு கேட்கும் வழக்கம் அது. எங்கள் மலையில் அதற்கு இன்னொரு பயனும் இருந்தது. இறங்கி வருகிறவன் தன் கொப்பைக் கழற்றி எறிந்துவிட வேண்டும். கேட்டைப் பூட்டப் போகிறவன் கிளையைப் பார்ப்பான். ஒரு கொப்பு மிஞ்சியிருந்தால் ஓராள் இன்னும் உள்ளே. கேட் பூட்டப்படாது.

"நானாவும் ஒண்டு முறிங்க" என்றார் சுமனே. முஸ்லிம் ஆட்களை அண்ணன் என்ற பொருளில் எல்லோரும் நானா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"எங்கட மார்க்கத்துல இது இல்ல, சுமனே. நான் புத்தகத்துல எழுதுறன்."

"ஆனைக்குப் புத்தகம் வாசிக்கத் தெரியாது னே."

"கொப்ப மட்டும் வாசிக்குமா?"

"வாசிக்காது. திங்கும்" என்று சொல்லி அவரே சிரித்தார்.

கேட் காவலாளி சூசை, கற்பிட்டிப் பக்கத்துக் கத்தோலிக்கர். அவர் கொப்பைக் கொழுவிவிட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வார். "அந்தோனியாருக்கும் சேத்து ஒரே கொப்பு. செலவு மிச்சம்" என்பார்.

தொண்ணூறில் முஸ்லிம்கள் எல்லோரும் மன்னாரைவிட்டு வெளியேற்றப்பட்டபோது எங்கள் வீட்டிலிருந்து ஒரு துண்டுக் கடதாசிகூட வரவில்லை. பிறந்த திகதியை நிரூபிக்க வாப்பா இரண்டு வருடங்கள் அலைந்தார். எழுதிவைத்தது நிலைக்கும், எழுதாதது இல்லாமல் போகும் என்ற எண்ணம் எனக்குள் ஊறியது அப்போதுதான். எனவே கொப்பு எனக்கு விளையாட்டாகத் தெரிந்தது. இடாப்பை அச்சடித்ததுபோல் எழுதினேன். மேலதிகாரிகள் வந்தால் மற்றவர்களுக்குக் காட்டவென்று அந்தப் புத்தகத்தைத்தான் எடுப்பார்கள்.

சில வருடங்களின் பின் ஜெமீல் வந்து சேர்ந்தான். அவனும் மன்னார்ப் பக்கத்துக் குடும்பம், பாலாவிக்கு அருகே குடியிருப்பு. நான் சொல்லப்போகும் வெள்ளிக்கிழமை அவனுக்கு நாற்பத்தொரு வயது. கேமரா ட்ராப்களின் மெமரி கார்ட் மாற்றுவது, கேணியில் தண்ணீர் மட்டம் அளப்பது அவன் வேலை. முதல் மாதம் மற்றவர்களைப் பார்த்து அவனும் கொப்புப் போட்டான். பிறகு ஒருநாள் என்னிடம் வந்தான்.

"நானா, நாங்க இந்தக் கொப்பு போடலாமா? ஆள் கணக்குக்குத்தான் எண்டாலும், மனசுக்கு ஒரு மாதிரி இரிக்கி."

"தேவல்ல. உன்ட பேர நான் எழுதுறன். என்ட புத்தகம் பிழைக்காது" என்றேன்.

அன்றிலிருந்து அவன் கொப்பு அந்தக் கிளையில் தொங்கவில்லை. என் வாக்கை நம்பித்தான் விட்டான்.

2. கரடிக்குச் சத்தம், யானைக்கு மௌனம்

மலையின் அடியில் வீரையும் கருங்காலியும் பாலையும் அடர்ந்திருக்கும். பாதிக்கு மேல் முதிரை மரங்கள். உச்சிக்குச் சற்றுக் கீழே பெரும் பாறைத் தட்டு. அதில் மழைநீர் தேங்கும் இயற்கைக் கேணி ஒன்று. ஆடி வெயிலில் சுற்றுவட்டாரத்துக் குளங்கள் வெடித்துக் கிடக்கும்போது அந்தக் கேணியில் மட்டும் தண்ணீர் இருக்கும். மான், மரை, யானை, சிறுத்தை, கரடி எல்லாம் அங்கேதான் வரும். கேணியின் ஓரத்தில் இரண்டு பெரிய பாலை மரங்கள். பாலைப்பழம் மஞ்சளாய், விரலில் ஒட்டும் பாலோடு, தேன்போல் இனிக்கும். கரடி அதற்காக மரத்தின் உச்சிவரை ஏறும். பட்டையில் அதன் நகக்கீறல்கள் வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டு போகும்.

அந்த மலையில் நான் மிகவும் பயந்தது கரடிக்குத்தான். யானைக்கு மூக்கு உண்டு, சிறுத்தைக்குக் கண் உண்டு. இரண்டும் நம்மை முன்கூட்டியே அறிந்து பெரும்பாலும் விலகிவிடும். கரடிக்குப் பார்வை மங்கல். தின்னும்போது தன் உறிஞ்சும் சத்தத்தில் வேறு எதையும் கேட்காது. நாம் கையெட்டும் தூரத்துக்கு வந்த பிறகுதான் திடுக்கிடும். திடுக்கிட்டால் ஓடாது, எழுந்து முகத்தைப் பிடிக்கும். தேனெடுக்கப் போன ஒருவரின் முகத்தை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். அவர் பேசும்போது நான் அவருடைய செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனவே கரடிக் காட்டில் கதைத்துக்கொண்டு நடக்க வேண்டும். யானைக் காட்டில் மூச்சையும் அடக்கி நடக்க வேண்டும். பாலைப்பழக் காலத்தில் எங்கள் மலை இரண்டுமாக இருக்கும்.

அதோடு தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோழகக் காற்று. ஆலங்குடாவில் பட்டம் கட்டிக் கடலில் வழுக்கும் வெள்ளைக்காரர்கள் அந்தக் காற்றைத் தேடி வருவார்கள். அதே காற்று எங்கள் மலையில், கேட் பக்கமிருந்து மேல்நோக்கி வீசும். கேட்டில் போடும் சத்தம் கேணிவரை போகும். கேணியில் போடும் சத்தம் கேட்டுக்கு வராது. எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். அது ஒருநாள் எதைக் குறிக்கும் என்று நாங்கள் யாரும் யோசித்துப் பார்க்கவில்லை.

3. அந்த வெள்ளிக்கிழமை

எரிபொருள் வரிசைக் காலம். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய வெள்ளி. அலுவலக ஜீப்பும் ட்ரக்டரும் டீசல் இல்லாமல் நின்றன. பக்கத்து விவசாயி ஒருவர் எப்படியோ சேர்த்து வைத்த டீசலில் தன் ட்ரக்டரை ஓட்டி, நாளுக்கு ஒருமுறை, பிற்பகல் 2.30க்கு எங்கள் ஆட்களைப் பெரிய வீதியில் கொண்டுபோய் விடுவார். அதைத் தவறவிட்டால் நடைதான். எனவே அந்தப் பத்து நாட்களாக எல்லோரும் 2.30க்கே வெளியே வந்தார்கள். வெள்ளிக்கிழமையில் ஜும்ஆத் தொழுகைக்குப் போகும் ஜெமீல் மட்டும் பதினொரு மணிக்கு இறங்க வேண்டும்.

நான் என்ன செய்தேன் என்றால், காலையில் உள்ளே போகும் நேரத்தை எழுதும்போதே வெளியே வரும் நேரத்தையும் எழுதிவிட்டேன். காலையில் நிதானமாக எழுதினால் எழுத்து நேராக விழும். ட்ரக்டர் ஹோர்ன் அடிக்கும் அவசரத்தில் எழுதினால் கோணும். காரணம் அவ்வளவுதான். வேறு காரணம் ஏதும் இருந்ததா என்று இத்தனை காலம் தேடியும் கிடைக்கவில்லை.

அன்று காலை 6.35. "ஜெமீல், உள்ளே 6.35, கேணி கேமராவும் நீர்மட்டமும், வெளியே 11.00." மை காய்வதற்குள் அவன் வீரை மரத்தைத் தாண்டியிருந்தான். பெருநாளுக்கு முந்திய நோன்பு பிடித்திருந்ததால் தண்ணீர்ப் போத்தலையும் எடுக்கவில்லை.

அவனுடைய சைக்கிள் எப்போதும் குளக்கட்டில்தான் நிற்கும். இறங்கினால் கேட்டுக்கு வராமல், மரத்தடியால் திரும்பி அப்படியே போய்விடுவான். 11.30க்கு நான் கேட்டில் சூசையிடம் சொல்லிவிட்டு, நாலு மைலுக்கு அப்பாலுள்ள பள்ளிக்குச் சைக்கிளில் புறப்பட்டேன். தொழுகையில் ஜெமீலைக் காணவில்லை. 'மழுப்பிவிட்டு வீட்டுக்குப் போயிட்டான்' என்று நினைத்தேன். மனதுக்குள் அவனைப் பேசவும் செய்தேன். தொழுகை முடிந்து, பள்ளிக்குப் பக்கத்தில் மச்சானின் வீட்டில் சற்றுச் சாய்ந்தேன்.

3.12க்கு ஜெமீலின் மனைவி றிஸானா கோல் எடுத்தாள்.

"நானா, இவர் இன்னும் வரல்ல. கோலும் போகுதில்ல. உங்களோட இரிக்காரா?"

"இல்லம்மா. அவன் பதினொரு மணிக்கே வெளியே போயிட்டான். புத்தகத்துல இரிக்கி. கரண்ட் இல்லாம போன் செத்திரிக்கும். வருவான்."

"பதினொரு மணிக்கா? நல்லாத் தெரியுமா?"

"என்ட கையால எழுதினது."

அவள் நிம்மதியாக வைத்துவிட்டாள். நானும் நிம்மதியாக ஒரு பிளேன்டீ குடித்தேன். கோப்பையைக் கீழே வைத்தபோதுதான் அந்த வரி கண்ணுக்கு முன்னால் வந்தது. அதன் எழுத்து நேராக, அழகாக இருந்தது. அதை எழுதியபோது வெளியே இன்னும் வெயில் ஏறியிருக்கவில்லை. ஜெமீல் என் முன்னால் நின்று சப்பாத்து லேஸ் கட்டிக்கொண்டிருந்தான்.

அவன் வெளியே வந்ததை நான் பார்க்கவில்லை. யாருமே பார்க்கவில்லை.

சைக்கிள் மிதித்த அந்த நாலு மைலில் எனக்கு நினைவிருப்பது என் வாயின் வறட்சி மட்டும்தான். கேட்டுக்கு வந்தபோது 3.50. சூசை கதிரையில் இருந்தார். கேட் பூட்டியிருந்தது.

"ஜெமீல் வந்தானா?"

"அவன் பதினொண்டுக்கே போயிட்டானே. ரெண்டரைக்குப் பூட்ட முதல் பாத்தன். கிளையில கொப்பு இல்ல. புத்தகத்துலயும் எல்லாருக்கும் நேரம் போட்டிருக்கு" என்றவர் என் முகத்தைப் பார்த்து எழும்பினார். "ஏன் நானா?"

குளக்கட்டுக்கு ஓடினேன். ஜெமீலின் சைக்கிள் ஆத்தி மரத்தில் சாய்ந்தபடி நின்றது. சீற்றில் காய்ந்த இலைகள் விழுந்திருந்தன. மணி 3.58.

4. ஏறிய வழி

சுமனேயின் வீடு கேட்டுக்குப் பக்கத்தில்தான். நான் சொல்லி முடிப்பதற்குள் காட்டுக்கத்தியை எடுத்துவிட்டார். சூசையிடம், "ட்ரக்டர்காரனைக் கூப்பிடுங்க. நாலு பேரக் கூட்டி, ரெண்டு கம்பும் சாரமும் எடுத்து வாங்க. எங்களுக்குப் பின்னால ஏறுங்க, சத்தம் போடாம" என்றார். நான் அலுமாரியிலிருந்து இரண்டு யானை வெடி எடுத்துக்கொண்டேன்.

வீரை மரத்தடியில் சுமனே ஒரு கொப்பு முறித்துக் கொழுவினார். நான் நின்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. இன்னொன்று முறித்து அதன் பக்கத்தில் அவரே கொழுவினார். எனக்காக.

ஏறும்போது காற்று எங்கள் முதுகில் அடித்தது. எங்கள் வாடை எங்களுக்கு முன்னே போய்க்கொண்டிருந்தது.

"கூப்பிடவா?" என்று கேட்டேன்.

"கரடிக்கு எண்டா கூப்பிடணும். ஆனைக்கு எண்டா கூப்பிடப் படாது." கையால் பாதையைக் காட்டினார். யானைச் சாணம். ஆவி அடங்கவில்லை. "இப்ப ரெண்டும் இருக்கு னே."

கால்வாசி தூரத்தில் ஒரு கறையான் புற்று, அடிவரை தோண்டப்பட்டுக் கிடந்தது. அடிமண்ணில் இன்னும் ஈரம் இருந்தது. அடுத்து, பழக்கொட்டைகள் நிறைந்த கரடி எச்சம். சுமனே காலால் தொட்டுப் பார்த்து கிழக்கே கையைக் காட்டினார். இன்று காலையில் போட்டது. மேலே மந்திகள் கொறக், கொறக் என்று ஒரே இடத்தைப் பார்த்துக் கத்தின. பிறகு அவையும் நின்றன. நின்றதுதான் கூடப் பயமாக இருந்தது.

4.31க்கு சுமனே என் நெஞ்சில் கையை வைத்துத் தள்ளி, ஒரு முதிரை மரத்தோடு ஒட்ட வைத்தார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு, தூரத்தில் லொறி ஓடுவதுபோல் ஓர் உறுமல் தரையிலிருந்து எழும்பியது. வயிற்றுச் சத்தம். பாதையின் வளைவில், பற்றைக்குப் பின்னால், ஒரு சாம்பல் நிறச் சுவர் அசைந்தது. பிறகு இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே ஒரு குட்டி.

அவை கடக்கும்வரை நின்றோம். பதினேழு நிமிடம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அதைவிட்டால் கண்ணை வேறெங்கும் வைக்கத் தைரியம் இல்லை. ஒவ்வொரு நிமிடமும் மேலே கிடக்கும் ஜெமீலுடையது என்று தெரிந்தும், இருமல் வந்துவிடுமோ என்ற பயத்தில் என் உயிரைத்தான் நான் முதலில் நினைத்தேன். இதை மறைத்து எழுதினால் இந்தக் குறிப்பும் அந்த 11.00 போலத்தான் ஆகும்.

பாறைத் தட்டுக்குக் கீழே ஒரு செருப்பளவு இடத்தில் இரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. அதில் எறும்பு. பக்கத்தில் கேமராப் பெட்டி உடைந்து கிடந்தது. அங்கிருந்து துளிகள் கேணியை நோக்கிப் போயின.

5. கேணியோரம்

பாறை விளிம்பில் தலையை உயர்த்தியதும் கரடியைப் பார்த்தேன். இருபது யார் தூரம் இருக்கும். பாலை மரத்தின் அடியில், எங்கள் பக்கம் மூக்கை உயர்த்தி நின்றது. எங்கள் வாடை அதற்கு முன்பே போயிருக்க வேண்டும். நெஞ்சில் வெள்ளைப் பிறை. மூச்சு விடுவது தச்சன் அரம் போடுவதுபோல் கேட்டது.

அதற்குப் பின்னால், மரத்தின் வேரும் பாறையும் சேரும் இடத்தில் ஒரு வெடிப்பு. வாயை அடைத்து ஒரு சூரை முள் கிளை. முள்ளுக்குள் காக்கித் துணி தெரிந்தது.

காக்கி அசைந்தது. ஒரு கல் வெளியே பறந்து வந்து கரடியின் பக்கத்தில் விழுந்தது. உடனே உயரத்திலிருந்து ஒரு கீச்சொலி. பாலை மரத்தின் நடுக்கவட்டில் ஒரு குட்டிக் கரடி, இறங்க வந்ததுபோல் இருந்தது, திரும்ப மேலே ஏறியது. தாய் வெடிப்பை நோக்கிப் பாய்ந்து, முள்ளில் அறைந்து, பின்வாங்கியது.

எனக்கு அப்போது புரியவில்லை. யானை வெடியை எடுத்து லைற்றரைத் தட்டப் போனேன். சுமனே என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வேணாம். வெடிச்சா தாய் ஜெமீல் மேல பாயும். குட்டி மேல இருக்கு, அது போகாது." என் காதில் மூச்சாகச் சொன்னார். "கல் எறிய எறியக் குட்டி இறங்காது. குட்டி இறங்காட்டி தாய் போகாது. நானா அவனுக்குச் சொல்லுங்க, எறியாத எண்டு. மெதுவா. கத்தாம."

காலையிலிருந்து அங்கே நடந்துகொண்டிருந்தது அதுதான். அவன் உயிரைக் காக்க எறிந்த ஒவ்வொரு கல்லும் கரடியை அங்கேயே கட்டிவைத்திருந்தது.

பிஸ்மி சொல்லி வாயைத் திறந்தேன்.

"ஜெமீல். நான்தான். வந்திட்டம். கல் எறியாத. அசையாத. குட்டி இறங்கட்டும்."

கரடி என் குரலுக்கு ஓடி வந்தது. ஆறு, ஏழு யார் தூரத்தில் நின்று இரண்டு காலில் எழுந்தது. அதன் நகங்கள் என் விரல்களைவிட நீளம் என்று தோன்றியது. சுமனே பின்வாங்கவில்லை. அழும் பிள்ளையைத் தேற்றுவதுபோல் சிங்களத்தில் சொல்லிக்கொண்டே இருந்தார்: "யன்ன அம்மே, யன்ன." போ தாயே, போ. சொல்லியபடியே என்னைத் தோளால் தள்ளித் தள்ளிப் பாதையைவிட்டுப் பக்கவாட்டில் நகர்த்தினார். அதன் வழியில்தான் நாங்கள் நின்றிருந்தோம்.

கரடி கீழே ஊன்றியது. வெடிப்பில் சத்தமில்லை. காற்று மட்டும் விடவில்லை. பழங்கள் பொத்துப் பொத்தென்று விழுந்தன. எத்தனை நிமிடம் என்று தெரியாது. என் வாழ்க்கையில் கடிகாரம் பார்க்காமல் விட்ட நேரம் அது. பிறகு பட்டையில் கீறும் சத்தம். குட்டி பின்புறமாகச் சறுக்கி இறங்கி, தாயின் முதுகு மயிரைப் பிடித்து ஏறிக்கொண்டது. தாய் எங்களைத் திரும்பிப் பார்க்காமல் பாறைக்குப் பின்னால் போய்விட்டது.

என் கால்சட்டை நனைந்திருந்ததை அப்போதுதான் உணர்ந்தேன்.

முள்ளை விலக்கினோம். ஜெமீலின் வலது கை முழங்கையிலிருந்து விரல்வரை கிழிந்திருந்தது. முகத்தைக் காக்க அந்தக் கையைத்தான் கொடுத்திருக்கிறான். பெல்ற்றால் மேற்கையை இறுக்கிக் கட்டியிருந்தான். உதடு வெடித்திருந்தது. ஆனால் கண் தெளிவாக இருந்தது. என்னைப் பார்த்து முதலில் கேட்டது இதுதான்:

"ட்ரக்டர் ஹோர்ன் கேட்டிச்சி நானா. நீங்க எல்லாரும் போறது கேட்டிச்சி. ஒராள் குறையுது எண்டு யாரும் பாக்கல்லையா?"

தண்ணீர்ப் போத்தலைத் திறந்து அவன் வாயில் வைத்தேன். அவன் உதட்டை மூடிக்கொண்டான்.

"மணி என்ன?"

"அஞ்சு நாப்பது."

"நோன்பு திறக்க, மஹ்ரிபுக்கு இன்னும் இரிக்கி."

"பிஸ்ஸு பிடிச்சிருக்கா உனக்கு!" சுமனே அப்போதுதான் குரலை உயர்த்தினார். "கரடி திங்காம விட்டத நோன்பு திங்கப் போகுதா? குடி!"

"உயிருக்கு ஆபத்தெண்டா முறிக்கலாம், ஜெமீல். குடி" என்றேன் நான். குடித்தான். பிறகுதான் அழுதான்.

சூசை நாலு பேரோடு வந்து சேர்ந்தார். சாரத்தை இரண்டு கம்பில் கட்டித் தூக்கி இறங்கினோம். வீரை மரத்தடிக்கு வந்தபோது சூரியன் விழுந்துகொண்டிருந்தது. சுமனே தன் கொப்பை எறிந்தார். என்னுடையதை நான் கழற்றினேன். ட்ரக்டர் அங்கே நின்றது.

6. சிவப்பு மை

ஜெமீல் புத்தளம் ஆஸ்பத்திரியில் பெருநாளைக் கழித்தான். உயிர் தப்பியது. வலது கையின் மூன்று விரல்கள் இன்றும் மடங்காது.

செவ்வாய்க்கிழமை றேஞ்சர் ஐயா சைக்கிளில் விசாரணைக்கு வந்தார். இடாப்பை விரித்து அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தார்.

"நானா, இது நீங்க காலையிலேயே எழுதினதா?"

"ஓம் ஐயா."

"எழுத்து நல்ல வடிவு. அதனாலதான் எல்லாரும் நம்பியிருக்கினம்." புத்தகத்தை என் பக்கம் தள்ளிச் சொன்னார்: "இந்தப் பக்கம் இப்படியே மேல போனா உங்கட பென்சனுக்குக் கேள்வி வரும். இன்னும் கொஞ்சக் காலம்தானே இருக்கு. கோப்பி ஊத்துண்டு பட்டதெண்டு எழுதி, புதுப் பக்கத்துக்கு மாத்துங்க. நான் பாக்கல்ல."

அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். நான் சிவப்புப் பேனையால் 11.00ஐக் கோடிட்டு வெட்டி, பக்கத்தில் எழுதினேன்: "இது காலை 6.35க்கு எழுதப்பட்டது. ஆள் வெளியே வரவில்லை. பிற்பகல் 5.40க்குக் கேணியோரம் கண்டெடுக்கப்பட்டார். பிழை என்னுடையது." கீழே கையொப்பம் வைத்தேன். எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அந்த வருடச் சம்பள ஏற்றமும் நின்றது. அதற்குமேல் ஏதும் இல்லை. றிஸானாவிடம் போனதுதான் எனக்குக் கடினம். "என்ட கையால எழுதினது" என்று அவளிடம் சொன்ன வார்த்தையைத் திருப்பி எடுக்க அந்த வீட்டு வாசலில் வழி தெரியவில்லை. அவள் கதிரையைத் துடைத்து வைத்தாள். அவ்வளவுதான்.

நாலு மாதம் கழித்து ஜெமீல் வேலைக்குத் திரும்பினான். அவனைக் கேட்டில் இருக்கச் சொன்னார்கள், மறுத்துவிட்டான். ஏறும் முதல் நாள் வீரை மரத்தடியில் இடது கையால் ஒரு கொப்பு முறித்தான்.

"நானா, ஏசப் போறீங்களா?"

"இல்ல. என்ன நினைச்சுப் போடுற எண்டது உனக்கும் படைச்சவனுக்கும்தான் தெரியும்."

"திரும்பி வந்து கழட்டணும் எண்டு நினைச்சுப் போடுறன்" என்றான்.

நானும் அன்று ஒன்று முறித்தேன். அதே நிய்யத்தில், அதே எண்ணத்தில்தான்.

இடாப்பிலும் ஒன்றை மாற்றினேன். நான்காவது நிரலை நான் எழுதுவதில்லை. வெளியே வருகிறவர் வந்து நின்று, தன் கையால் எழுத வேண்டும். சூசை ஏழு என்ற எண்ணைத் திருப்பிப் போடுவார். சுமனே நேரத்துக்குப் பக்கத்தில் சிங்கள எழுத்தில் ஒரு சுழி சுழிப்பார். ஜெமீல் இடது கையால், நாக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு, எண்களை ஒவ்வொன்றாக இழுப்பான். 11.00 என்று எழுத அவனுக்கு ஒரு நிமிடம் பிடிக்கும். ஒன்றுகள் இரண்டும் இரண்டு பக்கம் சாயும். பக்கமே அலங்கோலமாகிவிடும். முன்பென்றால் அப்படி ஒரு பக்கத்தைக் கிழித்து எறிந்திருப்பேன்.

ஓய்வுபெறும்வரை, அந்தக் கோணல் எண்கள் விழுமுன் கேட்டைப் பூட்ட நான் விடவில்லை.